காலில் கோடு போட்ட எழுத்து

எண்ணம்மா என்பது அவளைப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. பேராசிரியர் வைத்தது. பல்கலைக்கழக நூலகத்தின் மூன்றாம் மாடியில், மின்தூக்கியின் மோட்டார் உறுமும் அறைக்குப் பக்கத்தில், இரண்டு மேசையும் கூரையில் ஒரு நீர்க்கசிவும் உள்ள சின்ன அறையில் அவர்கள் இருவரும் ஆறு வருடமாக வேலை பார்த்தார்கள். அவர் படிப்பார், அவள் எண்ணுவாள். பேராசிரியர் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியும் தினமும் பத்து மணிக்கு வந்துவிடுவார். அவரிடமிருந்து சாவியைத் திருப்பி வாங்க நூலகத்தில் யாருக்கும் மனசு வரவில்லை.

அவர்கள் எடுத்துக்கொண்டது நானூறு வருடத்துக்கு முந்தைய ஒரு சண்டை. கடவுள் ஒருவரே, ஆனாலும் தந்தை, மகன், ஆவி என்று மூன்று ஆட்களாக இருக்கிறார் என்பது திரித்துவக் கொள்கை. அது சரி என்றும் தப்பு என்றும் அந்தக் காலத்து ஆங்கிலத்தில் ஒருவரையொருவர் கிழித்துத் தொங்கவிட்ட சிறு நூல்கள் இருநூற்றுப் பதினான்கு அவளுடைய கணினியில் இருந்தன. யார் எந்தச் சொல்லை ஆயிரத்துக்கு எத்தனை தடவை கையாள்கிறார், எதைத் தொடாமல் ஒதுங்கிப் போகிறார் என்று அவள் எழுதிய நிரல் எண்ணிச் சொல்லும். எண்ணி முடித்ததும் ஒவ்வொரு எழுத்தாளரும் திரையில் ஒரு புள்ளியாகிவிடுவார். ஒரே மாதிரி எழுதுகிறவர்கள் பக்கம் பக்கமாக நிற்பார்கள். அவளுக்குச் சாமி விஷயத்தில் பெரிய ஈடுபாடு கிடையாது. ஆனால் செத்து மண்ணாகிப்போன மனிதர்கள் தங்கள் பேச்சு வழக்கத்தால் கூட்டம் சேர்ந்து நிற்பதைப் பார்க்க அவளுக்கு அலுக்கவே அலுக்காது.

அந்தக் கூட்டத்தில் பேராசிரியருக்கு உயிரான ஆள் ஒருவர் உண்டு. அவர் பெயர் யாருக்கும் தெரியாது. ஒன்பது சிறு நூல்கள் எழுதி, ஒவ்வொன்றின் முகப்பிலும் ‘ஓர் ஏழை அயலார்’ என்று மட்டும் போட்டுக்கொண்டவர். மற்றவர்கள் எல்லாம் நெருப்பைக் கக்கிக்கொண்டிருந்தபோது இந்த அயலார் மட்டும் வேலி ஓரமாக நின்று பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரி, பொறுமையாக, மூன்று எப்படி ஒன்றாகும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். பேராசிரியர் இளைஞராக இருந்தபோது தொலைதூர நூலகம் ஒன்றில் இரண்டு மாதம் உட்கார்ந்து அந்த ஒன்பதையும் மூல அச்சிலேயே படித்தவர். அதற்கப்புறம் முப்பது வருடமாக அவரைப் பற்றியேதான் பேச்சு. பல் மருத்துவரான அவர் மனைவி அயலாரை ‘உங்க சின்ன வீடு’ என்றுதான் சொல்வார். கல்யாண நாளை மறந்தாலும் அயலாரின் நூல் வெளியான நாளை மறக்காத மனிதரை வேறு எப்படிச் சொல்வது என்று கேட்பார்.

வினை ஒரு வரைபட உருவில் வந்தது.

‘பெர்ஸன்’ என்ற சொல்லைத்தான் எண்ணம்மா அந்த மாதம் எண்ணிக்கொண்டிருந்தாள். மூன்று ‘ஆட்கள்’ என்பதில் வருகிற அதே ஆள். கொள்கையை ஏற்றவர்கள் அந்தச் சொல் இல்லாமல் ஒரு பக்கம் நகர மாட்டார்கள். மறுத்தவர்களோ, வேதத்திலேயே இல்லாத சொல் என்று அதைத் தொடவே கூசுவார்கள். ஆக, ஒருவர் எந்தக் கட்சி என்று பார்க்க அது நல்ல அடையாளம். அயலாரின் ஒன்பது நூல்களிலும் சேர்த்து அந்தச் சொல் வந்தது மூன்றே மூன்று தடவை. அவருடைய புள்ளி போய் மறுப்பாளர்களின் நட்டநடுவில் உட்கார்ந்துகொண்டது.

அவள் அதை அவரிடம் காட்ட ஒரு நாள் முழுக்கத் தயங்கினாள். காட்டியதும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி எண்ணிப் பார்க்கச் சொன்னார். அவள் வேறு விதமாக, அப்புறம் இன்னொரு விதமாக எண்ணினாள். மூன்றுதான். அவர் வீட்டிலிருந்து அயலாரின் பிற்காலப் பதிப்பைக் கொண்டுவந்தார். மூல அச்சு போய் நூற்றைம்பது வருடம் கழித்து யாரோ புதிதாக அச்சடித்தது. அதில் அந்தச் சொல் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. எண்ணம்மாவின் கோப்பில் அதே இடங்களில் இல்லை. ‘இரண்டாம் ஆள்’ என்று பதிப்பு சொன்ன இடத்தில் கோப்பு ‘இரண்டாம்’ என்று சொல்லி நிறுத்திக்கொண்டது. ஒரு வாரம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, பின்னால் வந்த பதிப்பாசிரியர்கள்தான் சொல்லை உள்ளே செருகி மறுப்பாளரை விசுவாசியாக்கிவிட்டார்கள் என்று அவர் முடிவு கட்டினார். அயலார் உயிருக்குப் பயந்து தன் மறுப்பைச் சொல்லாமல் சொல்லியிருக்கிறார் என்றார். அந்த மௌனத்தைப் பற்றியே நாலு பக்கம் எழுதினார். எண்ணம்மா அதை இரண்டு தடவை படித்தாள். அவ்வளவு நன்றாக வந்திருந்தது. முப்பது வருடத்துப் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு இதை வைத்தார். மூன்று மாதம் கழித்து நடக்கவிருந்த கருத்தரங்கில் பேசவும் ஒப்புக்கொண்டார்.

ஆனால் மனிதர் மாறிப்போனார். முன்பெல்லாம் பதினோரு மணிக்கு அவள் மேசைக்கு வந்து, ‘எண்ணம்மா, இன்னைக்கு யாரு யாரோட சண்டை?’ என்று கேட்பார். அது நின்றது. எழுதிய தாளையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் அவருடைய மனைவி தொலைபேசியில் கூப்பிட்டு, உங்கள் வரைபடம் வந்ததிலிருந்து இவர் சாம்பாரில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூடச் சொல்வதில்லை என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிரிப்பு முழுசாக இல்லை. கணக்கு சரிதான் என்றாலும் எண்ணம்மாவுக்கு யாரையோ போட்டுக்கொடுத்துவிட்ட மாதிரியே இருந்தது.

கருத்தரங்குக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை காலையில், அவள் சாப்பாட்டு மேசையில் அயலாரின் மூலப் பக்கங்கள் சிலவற்றின் படங்களைத் தாளில் எடுத்துப் பரப்பி வைத்திருந்தாள். அந்தச் சொல் இல்லாத பக்கம் என்று அரங்கில் திரையிட ஒரு பக்கம் வேண்டியிருந்தது. கோப்பை வைத்து எண்ணியிருந்தாளே தவிர, இந்தப் படங்களை அவள் இதுவரை உற்றுப் பார்த்ததில்லை. பார்க்கவேண்டிய தேவை வரவில்லை.

அவள் கணவர் ஒரு மருத்துவமனையின் மருந்தகத்தில் வேலை பார்க்கிறவர். தேநீர்க் கோப்பையோடு வந்தவர், மேசையில் வைக்க இடம் தேடி, ஒரு தாளைத் தூக்கினார். தூக்கியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"இந்த ‘பி’ எழுத்துக்கு ஏன் கால்ல கோடு போட்டிருக்கு?" என்றார்.

"பழைய அச்சுங்க. தேஞ்சிருக்கும். இல்லாட்டி தூசியா இருக்கும்."

"தூசி தேடிப்போயி ஒரே எழுத்து மேலதான் உக்காருமா? இங்க ஒண்ணு. கீழ ரெண்டு. அடுத்த தாள்ல பாரு, நாலு. எல்லாம் ஒரே சொல்லு மாதிரி இருக்கு."

அவள் எட்டிப் பார்த்தாள். ‘பி’யின் நீண்ட காலின் குறுக்கே மயிரிழை மாதிரி ஒரு கோடு. அதற்கடுத்து மூன்று எழுத்து. சேர்த்து வாசித்தால் ‘ப்ஸன்’ என்ற மாதிரி ஏதோ ஒன்று. அப்படி ஒரு சொல்லே கிடையாது.

"எங்ககிட்ட வர்ற டாக்டர் சீட்டுல இது தினம் வருமே," என்றார் அவர். "‘சி’ மேல கோடு போட்டா ‘கூட’ன்னு அர்த்தம். ‘பி’ மேல போட்டா ‘அப்புறம்’, அதாவது சாப்பாட்டுக்கு அப்புறம். கோட்டைப் பாத்தா, அந்த இடத்துல எழுத்தை முழுங்கியிருக்காங்கன்னு எடுத்துக்கணும். கோட்டை விட்டோம்னா நோயாளி பாடு திண்டாட்டம்."

எண்ணம்மா கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். ‘பி’க்குப் பிறகு முழுங்கப்பட்ட இரண்டு எழுத்தையும் மனசுக்குள் போட்டுப் பார்த்தாள். ‘பெர்ஸன்’.

அவளுக்கு முதலில் ஞாபகம் வந்தது ஆறு வருடத்துக்கு முன் தானே எழுதிய ஒரு வரி. இந்த நூல்களைத் தட்டச்சு செய்து கொடுத்தவர்கள், விசைப்பலகையில் இல்லாத குறி எது வந்தாலும் அந்த இடத்தில் ஒரு சின்னக் கட்டம் போட்டுவிட்டு மேலே போயிருந்தார்கள். எண்ணுவதற்கு முன் குப்பையை நீக்க வேண்டும் என்று அவள் நிரலில் எழுதியிருந்தாள்: உள்ளே எழுத்தல்லாத எது இருந்தாலும் அந்தச் சொல்லைத் தள்ளு. நிரல் சொன்ன பேச்சைக் கேட்டு ஆறு வருடமாகத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. தள்ளியதையெல்லாம் தனிக் கோப்பில் போட்டும் வைத்திருக்கிறது. அவள்தான் அதை ஒரு தடவைகூடத் திறக்கவில்லை.

இப்போது திறந்தாள். நாற்பத்தோராயிரம் சொற்கள். அயலாருடையதை மட்டும் பிரித்து, கட்டம் போட்ட ‘பெர்ஸன்’களைத் தேடினாள். இருநூற்றுத் தொண்ணூற்றொன்று இருந்தன.

அவள் அதையே மறுபடி மறுபடி தேடுவதைப் பார்த்துக் கணவர் பயந்துவிட்டார். "நான் எதையாவது கெடுத்துட்டேனா?" என்று கேட்டார்.

"கெடுத்தது நாங்க," என்றாள் அவள். "நீங்க தேநீரைக் குடிங்க. ஆறிடப் போகுது."

ஏன் அயலாருக்கு மட்டும் இப்படி ஆனது என்பது மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது. அவருடைய ஒன்பது நூல்களும் ஒரே அச்சகத்தில், உள்ளங்கை அளவில் அச்சானவை. வரி குறுகலாக இருக்கும். அச்சுக்கோர்த்தவர் இடத்தை மிச்சம் பிடிக்க, அடிக்கடி வருகிற சொல்லை எல்லாம் சுருக்கிக் கோடு போட்டுவிட்டார். அடிக்கடி வந்ததாலேயே அது சுருங்கியது, சுருங்கியதாலேயே காணாமல் போனது. மூன்று இடத்தில் மட்டும் வரியில் தாராளமாக இடம் இருந்திருக்கிறது. அவள் எல்லாவற்றையும் சேர்த்து மறுபடி எண்ணினாள். கணவர் பாத்திரம் கழுவிக்கொண்டே, அவ்வப்போது ஈரக்கையோடு வந்து திரையைப் பார்த்துவிட்டுப் போனார். அயலாரின் புள்ளி மறுப்பாளர் கூட்டத்தை விட்டுக் கிளம்பி, கொள்கையை ஏற்றவர்களுக்கு நடுவில் போய் நின்றது.

அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். அது கால்மணி நேரம்கூடத் தாக்குப் பிடிக்கவில்லை. பேராசிரியர் அத்தியாயத்தைத் தூக்கிப் போட்டது அவளுடைய கணக்கை நம்பி. பதிப்பாசிரியர்கள் மேல் இல்லாத பழி போட்டதும் அதை நம்பித்தான். இனி எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? தொலைபேசியில் சொல்லிவிடலாமா என்று எண்ணை அழுத்தப் போனாள், பாதியில் நிறுத்தினாள். கணவர், "நேர்ல போயிடு. மருந்து மாறிப்போச்சுன்னா நாங்க வீடு தேடிப் போய்த்தான் சொல்லுவோம்," என்றார்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் பேராசிரியர் வீட்டில் இருந்தாள். வீட்டின் முன் அறைதான் அவர் மனைவியின் பல் மருத்துவக் கூடம். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளிருந்து வெளியே வந்த மருத்துவர் முகக்கவசத்தை இறக்கி, "வாம்மா. பல்லா, பேராசிரியரா?" என்றார்.

பேராசிரியர் என்றாள். மருத்துவர் அவளைக் கையைப் பிடித்து ஓரமாக, கருவிகள் கொதிக்கிற பாத்திரத்துப் பக்கம் கூட்டிப்போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். இவள் வந்தது நல்லதாகப் போயிற்று என்றார். யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று பேராசிரியர் சொன்னாராம், ஆனாலும் இவளிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. போன வாரம் அவர் தனியாக ஒரு மருத்துவரிடம் போய் வந்திருக்கிறார். ஞாபகம் சரியாக இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்க. மூல நூலில் அந்தச் சொல்லை நூறு தடவை படித்தது போல் அவருக்கு நினைவு இருக்கிறதாம். இல்லாததைப் படித்ததாகத் தோன்றுகிறது என்றால் மூளை பழுதாகிறது என்றுதானே அர்த்தம் என்று வாரக்கணக்கில் மனசுக்குள் வைத்துப் புழுங்கியிருக்கிறார். முடிவு இன்னும் வரவில்லை.

எண்ணம்மா மருத்துவருக்கு நன்றிகூடச் சொல்லாமல் பின்கட்டு அறைக்குப் போனாள்.

அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, அந்த நாலு பக்கத்தைத்தான் திருத்திக்கொண்டிருந்தார். அவள் உட்காரவில்லை. பையிலிருந்து தாளை எடுத்து அவர் முன்னால் வைத்து, விரலால் காட்டினாள்.

"ஐயா, இதை வாய்விட்டுப் படிங்க."

அவர் பூதக்கண்ணாடியை எடுக்கக்கூட இல்லை. வரியை அப்படியே ஓட்டமாகப் படித்தார். கோடு போட்ட இடம் வந்தபோது தயங்காமல் ‘பெர்ஸன்’ என்று படித்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போனார். போனவர் நின்றார். திரும்பி வந்தார். தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"உங்க ஞாபகம் சரிதான்," என்றாள் அவள். "நீங்க படிச்சிருக்கீங்க. நூறு தடவை இல்ல, இருநூத்தித் தொண்ணூத்தி நாலு தடவை படிச்சிருக்கீங்க. தப்பு என்னோடது." அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கட்டம், தள்ளச் சொன்ன வரி, திறக்காத கோப்பு, மருந்துச் சீட்டு. சொல்லும்போது அழக்கூடாது என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தும் கடைசியில் அழுதுவிட்டாள்.

அவர் அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். அப்புறம், மாணவனாக இருந்தபோது இந்தச் சுருக்கங்களைப் படிக்க முதல் வாரத்திலேயே பழகிவிட்டதாகவும், பழகியபின் கோடு கண்ணில் படுவதே நின்றுபோனதாகவும் சொன்னார். ஒரு தடவை மூலப் படத்தைத் திறந்து பார்த்திருந்தால் போதும். ஏன் பார்க்கவில்லை என்றால், பயம். அங்கேயும் அந்தச் சொல் இல்லாவிட்டால் தன் கதி என்ன என்ற பயம்.

"என் தலையைச் சந்தேகப்பட்டேன், உங்க கணக்கைச் சந்தேகப்படல," என்றார். "உட்காருங்கம்மா. நீங்க ஒரு கோப்பைத் திறக்கல, நான் ஒரு படத்தைத் திறக்கல. ரெண்டு பேருக்கும் சரியாப் போச்சு."

அவர் முகம் தெளிந்தது. ஆனால் அவள் எதிர்பார்த்த துள்ளல் இல்லை. தன்னுடைய அந்த நாலு பக்கத்தைப் புரட்டினார். இந்த மூன்று மாதத்தில் அந்தப் பயந்த மறுப்பாளனும் தனக்குப் பிடித்துப்போய்விட்டான் என்று கொஞ்சம் கூச்சத்தோடு ஒப்புக்கொண்டார். காலையில் எழுந்தால் அவனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்றுகூடக் கவலைப்பட்டிருக்கிறார். அதற்குள் மருத்துவர் கையுறையோடு வாசலில் வந்து நின்று, என்ன அழுகை, என்ன சிரிப்பு என்று கேட்டார். விஷயத்தைக் கேட்டதும் வந்து பேராசிரியர் தலையில் கையுறைக் கையாலேயே ஒரு தட்டுத் தட்டினார். கூடத்துக்குத் திரும்பிப் போனவர், அங்கே உட்கார்ந்திருந்த நாலு பேரையும் பத்து நிமிஷம் பொறுக்கச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கொஞ்சநேரம் தனியாக இருந்தார்.

கருத்தரங்கில் இருவரும் ஒன்றாகவே மேடையேறினார்கள். அயலாரின் மௌனத்தைப் பற்றி என்று முன்பே கொடுத்திருந்த உரைத் தலைப்பை அவர் அப்படியே விட்டுவிட்டார். தவறை எண்ணம்மாதான் சொல்ல வேண்டும் என்று அவர் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள். முதலில் பழைய வரைபடம், அப்புறம் கோடு போட்ட எழுத்து, அப்புறம் புதிய வரைபடம். முதல் ஐந்து நிமிஷம் அவள் திரையைப் பார்த்தே பேசினாள். பிறகு பார்த்தால் அரங்கில் பாதிப்பேர் குனிந்து, அவரவர் கணினியில் எதையோ தேடத் தொடங்கியிருந்தார்கள். தள்ளச் சொன்ன வரி அவர்களுடைய நிரல்களிலும் இருந்தது.

கடைசியில் முன்வரிசையில் இருந்த ஓர் ஆய்வாளர் எழுந்து, பேராசிரியர் சுற்றுக்கு விட்டிருந்த அந்த நாலு பக்கத்தைத் தான் மிகவும் ரசித்ததாகவும், இனி அதற்கு என்ன மதிப்பு என்றும் கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை.

"நல்லாத்தான் எழுதியிருக்கேன்," என்றார் பேராசிரியர். "அப்படி ஒரு ஆள்தான் இல்ல."

அரங்கம் சிரித்து அடங்க நேரமானது. கடைசி வரிசையில், விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்த எண்ணம்மாவின் கணவர், பக்கத்தில் இருந்த பல் மருத்துவரிடம் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று கேட்டார். மருத்துவர் தெரியாது என்றார். ஆனால் இருவரும் கூடச் சேர்ந்து சிரித்தார்கள்.

ஞாபகச் சோதனையின் முடிவு அந்த வாரக் கடைசியில் வந்தது. அவர் வயதுக்கு ஞாபகம் தேவைக்கு மேலேயே இருக்கிறது என்று எழுதியிருந்தது. மருத்துவர் அதைப் படித்துவிட்டு, அப்படியானால் இனி கல்யாண நாளை மறந்தால் சாக்கு சொல்ல முடியாது என்றார்.

தள்ளிய சொற்களின் கோப்பை இப்போது நாலு பேருமாகப் பார்க்கிறார்கள். சனிக்கிழமை மத்தியானம், பேராசிரியர் வீட்டுப் பின்கட்டில். நிரலுக்குத் தெரியாத குறிகளை ஒவ்வொன்றாக எண்ணம்மா திரையில் காட்ட, பேராசிரியர் என்ன சொல் என்று சொல்ல, மருத்துவர் எழுதிக்கொள்வார். எந்தக் கோடு எதைக் குறிக்கும் என்பதில் பேராசிரியருக்கும் மருந்தாளுநரான எண்ணம்மாவின் கணவருக்கும் வாரம் ஒரு வாக்குவாதம் வரும். போன வாரம் வந்தது ஒரு ‘க்யூ’ எழுத்தைப் பற்றி. பேராசிரியர் ஒன்று சொன்னார், கணவர் வேறொன்று சொன்னார், இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து எண்ணம்மா மூலப் பக்கத்தின் படத்தைத் திறந்து பெரிதாக்கிக் காட்டினாள். அது உண்மையிலேயே தூசிதான்.